கொட்டைப் பணம் சேர்த்த கணக்கு

கோம்பை,
19 ஏப்ரல் 1936

கொழும்பில் கடை நடத்தும் அப்பா அவர்களுக்கு, மகள் கஸ்தூரி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே மழையில் நனையாமல் இருக்கிறீர்களா?

மதுரையிலிருந்து லீவுக்கு வந்தது முதல் நம் இலவம்பஞ்சுக் கொட்டகையிலேயே இருக்கிறேன். வெயில் ஏறும்வரை பெண்கள் காயை உடைத்துக் கோலால் அடிக்கிறார்கள். பஞ்சு எழுந்து, ஓட்டுச் சந்தில் இறங்கும் வெளிச்சத்தில் நகராமல் நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால், அது அப்படியே இருக்க நாம்தான் மெல்லக் கீழே போவதுபோல் தோன்றுகிறது. செவலை நாய் பஞ்சு படிந்து வெள்ளாடுபோல் தூங்குகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று யாரும் கோல் எடுக்கவில்லை. மணங்கு எடைப் பஞ்சுக்கு ஏழேகால் ரூபாய் அடக்கச் செலவு, விலையோ ஆறே முக்கால், ஆகவே மாதக் கடைசியில் கொட்டகையை மூடிவிடு என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் ராக்கப்பன் சித்தப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். தராசில் சித்தப்பாவையும் சேர்த்து உட்கார வைத்தால் நட்டம் தீர்ந்துவிடும் என்றாள் பஞ்சு அடிக்கும் அய்யம்மாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். கூட்டலில் பிழையில்லை. காய் விலை, கூலி, வண்டிக் கூலி, வாடகை எல்லாம் பஞ்சின் தலையில் ஏறியிருக்கின்றன. ஆனால் கொட்டகைக்கு வருஷ வாடகையைத் தை மாதமே கொடுத்தாயிற்று. மூடினாலும் அது திரும்பி வராது. இன்னொன்றும் உண்டு. காய்க்குள் பஞ்சோடு கொட்டையும் இருக்கிறதே. அதைச் செக்குக்காரர் காசு கொடுத்துத்தானே வாங்கிப் போகிறார். பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். கொட்டைப் பணம் வீட்டுப் பெண் சேர்த்து வைக்கும் சிறுவாடு, இந்த ஊரில் எவரும் அதைக் கணக்கில் ஏற்றியதில்லை என்றாள். பிறகு தானே அந்தப் பணம் போட்டுவைக்கும் அடுக்குப் பானையை இறக்கினாள். மணங்குப் பஞ்சுக்குக் கொட்டையில் கிடைப்பது பன்னிரண்டணா. அதைச் சேர்த்தால் எட்டணா நட்டம், நாலணா லாபமாகிறது.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் பள்ளிச் சம்பளத்தையும் விடுதிப் பணத்தையும் மாமா கட்டுவதாக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். மூன்று வருஷமாகக் கட்டியது அந்தப் பானை. அதைக் கணக்கில் ஏற்றிவிட்டால் என் படிப்புக்கு வேறு பணம் இல்லை. அம்மாதான் பேனாவைத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

“உங்க அப்பா கோவிப்பாக. கோவிக்கட்டும், நீ எழுது. ஆறு பொம்பளைக சோத்துல மண்ணப் போட்டுட்டு நீ என்னத்தப் படிக்கப் போற, ஆத்தா?”

எழுதிவிட்டேன், அப்பா. கொட்டகையை மூட வேண்டாம். அம்மாவைக் கோபித்து எழுதவும் வேண்டாம்.

ஜூன் எட்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை நான் இன்னும் இறக்கவில்லை. கொட்டைப் பணத்தையும் சேர்த்துப் புதுப் பேரேட்டுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். செலவுப் பக்கத்தில் காய், கூலி, வண்டி, வாடகை என்று எழுதிய பிறகு ஒரு பத்தி மிஞ்சியிருக்கிறது. அதன் தலையில் என்ன எழுதலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மகள்,
கஸ்தூரி