ஆறு இறக்கைகள்

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோதே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தயங்கியவள், நீ போன பிறகு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று மாலை உங்கள் வீட்டு மாடியில் நாம் வைத்த காற்றாடிச் சக்கரத்தின் அச்சுக்கு எண்ணெய் விட்டேன். உன் அம்மாவின் தையல் மிஷின் எண்ணெய்தான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் அந்த வாசனை போகவில்லை.

நாம் அதைக் கட்டியது யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காத வருடம். மயிலாப்பூரில் மின்சாரக் கம்பி வந்திருந்தாலும் உங்கள் சந்துக்குள் வரவில்லை. இருட்டியதும் உன் அம்மா தைப்பதை நிறுத்திவிடுவார். கம்பிச்சுருளுக்குள் காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று பௌதிக வகுப்பில் படித்த அன்று, நீ கடற்காற்று வந்த பக்கம் கையைக் காட்டினாய். "சுத்தறதுக்கு ஆளு அங்க வெட்டியா திரிஞ்சிக்கினு கீதேடி."

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று கிடைத்தது. தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவி, சற்றே சாய்வாக, ஆறு இறக்கைகளை அதில் நீயே கட்டினாய். சாய்வில் மோதும் காற்று ஒரு பக்கம் விலகும்போது பலகையை மறுபக்கம் தள்ளும். சக்கரத்தின் விளிம்பில் உரசிச் சுழல உன் அண்ணனின் சைக்கிள் டைனமோவை வைத்தோம்.

"லைட் இல்லாம போனா போலீஸ் என்னைப் புடிப்பான். நீ வந்து பௌதிகம் சொல்லி இட்டுக்கினு வருவியா?" என்று அவர் கேட்டார்.

"வரேன். போலீஸ்காரருக்கும் புரியட்டும்" என்றாய்.

சக்கரம் கோயில் தேர்போல நிதானமாகச் சுற்றியது. பல்புக்குள் இழை லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டு பலகை கட்டுவோம். காத்து ஒரு துளி தப்பிப் போவக் கூடாது" என்றாய்.

தப்பித்தான் போக வேண்டும் என்றேன் நான். காற்று தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டால் சக்கரத்தின் பின்னாலேயே தேங்கிவிடும். பின்னால் வரும் காற்று நுழைய வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதி வேகத்தோடு அது வெளியேற வேண்டும். இறக்கை குறைந்தால் சக்கரத்தின் பலம் குறையும், வேகம் கூடும். டைனமோவுக்குத் தேவை வேகம்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இவ்ளோ பேசுவியாடி நீ? சரி, ஞாயித்துக்கெழம மூணைக் கழட்டிப் பாப்போம். எரியலன்னா நீதான் திரும்பக் கட்டணும்."

சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நீ மாடி ஏறவில்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். இப்போது தேனாம்பேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். காற்றைப் போகவிட வேண்டும் என்பதை மட்டும் குரல் நடுங்காமல் சொல்ல முடிகிறது.

விடுமுறை நாட்களில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். "இன்னிக்காவது எரியுமா கண்ணு?" என்று உன் அம்மா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். பலகைமேல் கை வைத்தால், "எம் பொண்ணு கட்டினது அப்படியே இருக்கட்டும்" என்று தடுத்துவிடுகிறார். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும். புயல் நாளில் ஆறு இறக்கைகளோடும் அது எரியக்கூடும். ஆனால் அன்று சக்கரமே மிஞ்சாது. உப்புக் காற்றில் அதன் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. உன் அம்மாவுக்கும் பார்வை மங்கி வருகிறது. இன்று ஊசியில் நூல் கோத்துத் தரும்படி என்னிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கேட்காமல் எனக்கு வாய் வராது. நீ கட்டிய ஆறில் மூன்றை, ஒன்று விட்டு ஒன்றாக, நான் கழற்றட்டுமா?