சுண்ணாம்புக்கு அடியில் முனீஸ்வரி

கம்பம்,
ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி முத்துப்பாண்டிக்கு,

லத்திபா அக்கா எழுதுவது. ஷார்ஜாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது, இடது கையால் கிறுக்குகிறேன்.

நாமெல்லாம் கூட்டாக வாடகைக்குப் பிடித்துப் படம் வரைந்த திராட்சை குடோனுக்கு இது பத்தாவது வருடம். ஒருவர் படம் முடிந்தால் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து அடுத்தவர் வரைவதுதானே நம் வழக்கம்? இந்த முறை பூச்சை ஒவ்வொன்றாகச் சுரண்டி நம் கதையை ஊருக்குக் காட்டலாம் என்றான் எபனேசர். முதலில் ஞானசெல்வி வரைந்த ஏலத்தோட்டத்து ஜீப் வந்தது. அதற்கடியில் எபனேசரின் வெள்ளம். அதற்கும் அடியில், நீ ஊரைவிட்டுப் போகுமுன் வரைந்த உன் தங்கை முனீஸ்வரி. கண் தெரிந்ததுமே பார்க்க வந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். உன் சித்தப்பா ராக்கையா ஆட்களோடு கடப்பாரையும் கையுமாக வந்தார். எபனேசர் மண்டையை உடைத்தார்கள். ஞானசெல்வியை முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு மிதித்தார்கள். சுவரை மறித்து நின்ற எனக்குக் கையில் விழுந்தது அடி. பாவி மனுஷன், அப்புறம் எங்களை விட்டுவிட்டு, சுவரில் இருந்த முனீஸ்வரியின் முகத்தைக் கடப்பாரையால் குத்த ஆரம்பித்தார். குத்திக்கொண்டே, "ஒருக்கா கொன்னது பத்தலையாடி ஒனக்கு? இங்கன வந்து முழிச்சுப் பாக்குற!" என்று கத்தினார்.

தேவாரம் ஊர்ப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றவள், திட்டியதற்கு ரோஷப்பட்டுத் தானாகக் கிணற்றில் விழுந்தாள் என்று இத்தனை வருடம் நம்மை நம்பவைத்த வாய் அது. என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். இன்னும் பிடிபடவில்லை.

கேட்ட அத்தனை பேரும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டோம். கூடப் பிறந்தவன் வந்து நின்றால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் வக்கீல். உன் ஆத்தா மாயக்காள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். "எம்புள்ள அங்கனயே இருக்கட்டும், வந்தா அவனையும் கொன்னுபுடுவாக" என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

சுவரில் அவளுடைய ஒரு கண் மட்டும் மிச்சம். அதன்மேல் யாரையும் சுண்ணாம்பு அடிக்க விடமாட்டேன். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
லத்திபா