பாதைக் கரைக் காணி

யூன் 9

இல்லை, இன்னும் விற்கவில்லை. விற்கப்போகிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. விலை கேட்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் வந்து விலை கேட்ட பிறகு வயலைப் பழையபடி பார்க்க முடியவில்லை. நேற்று வாய்க்கால் கரையில் நின்றபோது நெல்லைப் பார்க்காமல் ஒரு தொகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது அதிவேகப் பாதைக்குக் கட்டை அடித்துவிட்டார்கள். மல்லாவிப் பக்கமாக, பற்றைக்காட்டுக்குள்ளாலும் மேட்டுக்காணிகளுக்குள்ளாலும் போகிறது. கட்டைகளின் தலையில் சிவப்பு மை. சந்தை, பஸ், கோவில் வீதி, எங்கும் இதே கதை. "கட்டைக்குக் கிட்டவோ தூரவோ?" மண் எப்படி, கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

அண்ணாவுக்கு அந்தக் கரையில் ஒரு ஏக்கர் வேண்டும். கிளிநொச்சியில் அடுத்தவனின் கராஜில் பதினெட்டு வயதிலிருந்து வேலை செய்கிறான். சொந்தமாக ஒன்று, ஹைவே ஓரத்தில், பெரிய போர்ட் போட்டு. அதற்கு அம்மாவின் வயலை விற்க வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற இரண்டு ஏக்கர், பத்திரமுள்ள உறுதிக் காணி, அம்மாவின் சீதனம். கனடாவில் இருக்கும் ஒருவர் கேட்கிறார்.

"நீ புவியியல் படிச்சனி. சொல்லு தர்சி, பாதை வந்தா கரைக் காணி ஏறுமோ, ஏறாதோ?"

ஏறும் என்றேன். யாழ்ப்பாணம் போகிற ஏ-நைன் வீதியைப் பார்த்தாலே தெரிகிறதே. பாதையிலிருந்து விலகிப் போகப் போக விலை எப்படி விழுகிறது என்று பல்கலைக்கழகத்தில் வளைகோடு வரைந்திருக்கிறேன். அதையே அவனுக்கும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

யூன் 15

தரகர் ராசு அண்ணையோடு காணி பார்க்கப் போனோம். வெயில். பாலை மரம் ஒன்று, மிச்சமெல்லாம் ஈச்சம்பற்றை.

"இது காணியில்லை அக்கா, லொத்தர்ச் சீட்டு," என்றார் அம்மாவிடம். "ஏ-நைன் திறந்த நேரம் மாங்குளத்தில வாங்கினவன் இண்டைக்கு மாடி வீட்டில. வாங்காதவன் முன்னால நிண்டு அந்த மாடியைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறான்."

அண்ணா ஒரு தடியால் நிலத்தில் கீறினான். இதில் வாகனத்துக்கு அடியில் நின்று வேலை செய்யக் கிடங்கு. இதில் ஒயில் மாற்றுகிற இடம். கட்டைப் பக்கமாகப் பெரிய கேற். லொறி நேரே உள்ளே வரவேண்டுமாம். அவன் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

காணிக்காரர் பைறூஸ் நானா. தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் வெளியேற வேண்டி வந்தபோது போய், புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தகப்பனின் காணியை அளந்து, காடு வெட்டி, வேலி போட்டு முடிக்கிற நேரம் கட்டை அடித்தார்களாம்.

"என்ட காணிய நடுவால பிளக்கிறாங்க மகள். நடு, அரசாங்கத்துக்கு. இந்தப் பக்கம் உங்களுக்கு. அந்தப் பக்கத்தில நான் மாடு கட்டுவன்."

"மாட்டை எப்பிடி நானா கொண்டு போவியள்?" என்று அண்ணா கேட்டான்.

"ரோட்டைக் கடக்கிறது எனக்கொரு வேலையா? கை காட்டினா உங்கட லொறி நிக்காதா?"

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

யூன் 27

நொத்தாரிசு ராஜரத்தினம் உறுதியைப் படித்துவிட்டு, "ஐயா வெளிநாட்டிலயோ?" என்று கேட்டார்.

அண்ணா அம்மாவைப் பார்த்தான்.

"இல்லை, என்னெண்டா, கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ர காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர சம்மதக் கையெழுத்து வேணும். எங்கட தேசவழமைச் சட்டம் அப்பிடி."

அம்மா சொன்னா: "அவர் இன்னும் வரேல்லை."

அவருக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் இந்த வசனம் எல்லோருக்கும் விளங்கும். குரலைத் தாழ்த்தி, அப்படியென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார். காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்களே, அது போதாதா என்று நான் கேட்டேன்.

"வாங்கிறவர் ஒத்துக்கொள்ளமாட்டார் பிள்ளை. நான் கதைச்சுப் பாத்தனான். நாளைக்கு ஆள் வந்து என்ர சம்மதம் இல்லாமல் வித்தது எண்டு வழக்குப் போட்டா எண்டு பயப்படுறார்."

கனடாவில், முகம் தெரியாத ஒருவர், அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று பயந்துகொண்டிருக்கிறார். அம்மாவைத் தவிர அதை நம்புகிற இன்னொரு மனிதர்.

யூன் 28

அம்மா இன்று முழுக்க வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தா. கோபமில்லை.

யூலை 6

சண்டை. எழுத விருப்பமில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணா கத்தினான். "பதினைஞ்சு வருசமா அவர் வரேல்லை அம்மா. பாதை ஒருக்காத்தான் வரும்."

சொன்ன உடனே அவனுடைய முகம் மாறிவிட்டது. ஆனால் சொல்லிவிட்டான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகைக் கீழே வைத்தா. "உனக்குக் கராஜ் வேணுமெண்டு கேள். அப்பா செத்திட்டார் எண்டு சொல்லு. ஆனா ரெண்டையும் ஒண்டாக் கேக்காத மோனை. ரெண்டையும் ஒண்டாக் கேக்காத."

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் சரி. அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது. ராசு அண்ணை மாலையில் வந்து, அந்தப் பக்கம் விலை இன்னும் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஏறுகிறது, ஏறுகிறது.

யூலை 22

காலையில் அம்மா சேலை உடுத்திக்கொண்டு முற்றத்தில் நின்றா. "வாங்கோ, கந்தோருக்குப் போவம்."

ஏன் மனம் மாறினது என்று கேட்டேன். "அவனுக்கு முப்பத்திரண்டு வயசாகுது. அவனும் என்னை மாதிரிப் படலையைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறானோ?"

மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம், கிராம அலுவலர், சத்தியக் கடதாசி. இனி அலைச்சல்தான்.

ஓகஸ்ட் 13

பதிவாளர் கந்தோர். மேசைக்குப் பின்னால் ஒரு பெண், என்னைவிட வயது குறைவு. பெயர், தொழில், எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு இறந்த திகதி.

அண்ணா யுத்தம் முடிந்த மே மாதத்து அந்தத் திகதியைச் சொன்னான். வட்டுவாகலில் ஆமி ஆண்களை வேறு வரிசைக்குப் போகச் சொன்ன நாள்.

"இல்லை," என்றா அம்மா. "அண்டைக்கு அவர் உயிரோட நிண்டவர். திரும்பிப் பாத்தவர். நான் கண்டனான்."

"அப்ப எந்தத் திகதி அம்மா போடுறது?"

அம்மா மேசையிலிருந்த கலண்டரைப் பார்த்தா. எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் இருமினார்.

"இண்டைக்கு எண்டு போடேலுமோ?"

அந்தப் பெண்ணின் பேனை நின்றுவிட்டது. "இண்டைக்கு எண்டா... இவ்வளவு காலமும் எங்க இருந்தவர் எண்டு கேப்பினம் அம்மா."

"அதைத்தானே பிள்ளை நானும் கேக்கிறன்."

கடைசியில் அண்ணாதான் சொன்னான். யன்னலைப் பார்த்துக்கொண்டு. "வருசக் கடைசியைப் போடுங்கோ மிஸ். டிசெம்பர் முப்பத்தொண்டு, ரெண்டாயிரத்தி ஒன்பது."

அந்தப் பெண் எழுதினாள்.

ஓகஸ்ட் 14

ஏழு மாதம் கூடக் கொடுத்திருக்கிறோம் அவருக்கு. அந்த ஏழு மாதமும் அவரை எங்கே வைத்திருந்தோம்?

ஒக்டோபர் 11

முதல் மழை. சுற்றிவர எல்லோரும் விதைக்கிறார்கள். எங்கள் வயலில் உழவு மெசின் இறங்கவில்லை. வாங்குகிறவர் வெறுங்காணியாகத்தான் வேண்டும் என்றாராம். பக்கத்து வயல் பரமேஸ்வரன் அண்ணை வரம்பில் நின்று, "என்ன, நீங்கள் இப்ப ஹைவே ஆக்கள்," என்று பகிடி விட்டார். சிரிக்க முயன்றேன்.

ஒக்டோபர் 23

சான்றிதழ் வந்துவிட்டது. அம்மா வாசிக்கவில்லை. அண்ணாவிடம் கொடுத்தா. அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்கக் கொண்டு திரிந்தான். சாமித்தட்டுக்குக் கிட்டப் போனான், திரும்பி வந்தான். அலுமாரியைத் திறந்தான், மூடினான். கடைசியில் காணி உறுதியோடு வைத்தான்.

பைறூஸ் நானாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அண்ணாவின் சேமிப்பிலிருந்து. வயலைக் கனடாக்காரருக்கு எழுதிக் கொடுக்கிறது நவம்பர் 22.

நவம்பர் 3

முள்ளியவளையிலிருந்து பெரியம்மா வந்தா. யார் சொன்னார்களோ. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதா. தேத்தண்ணி குடித்தா. பிறகு கைப்பையிலிருந்து பஞ்சாங்கம்.

"டிசெம்பர் முப்பத்தொண்டு... மார்கழிப் பூரணை. நல்ல திதி விமலா. திகதி எண்டு ஒண்டு வந்திட்டுது, இனித் திவசம் செய்யாமல் விடக்கூடாது. இந்த வருசம் அந்தத் திதி பொங்கலுக்கு முதல்நாள் வருது."

"ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா," என்றா அம்மா. "அது காணிக்கு எடுத்த திகதி."

நவம்பர் 19

பிரதேச செயலகத்தில் கூட்டம். பாதையால் காணி போகிறவர்களுக்கும் கரையில் இருக்கிறவர்களுக்கும். மண்டபம் நிறைய ஆட்கள். அண்ணாவும் நானும் போனோம், வாங்கப்போகிறவர்களாக. அவன் சட்டை மினுக்கிப் போட்டிருந்தான்.

பொறியியலாளர் சுவரில் படம் காட்டினார். அழகான படம். வாகனம் ஓட நான்கு நிரை, நடுவில் புல். இரண்டு கரையிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழும்பி, "சேர், அந்தக் கோடு என்ன?" என்று கேட்டார்.

"கம்பிவேலி. முழுத் தூரத்துக்கும். இது அதிவேகப் பாதை. ஆட்களோ மாடோ உள்ளே வர முடியாது."

"அப்ப எங்கட காணியிலிருந்து ஏறுறது?"

"ஏற முடியாது ஐயா. ஏறுகிற வாசல் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. இந்தப் பகுதியில் இல்லை."

கிழவர் மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப பிளேன் போறதைப் பாக்கிற மாதிரி, கரையில நிண்டு பாக்கலாம்!" கொஞ்சப்பேர் சிரித்தார்கள். பைறூஸ் நானா சிரிக்கவில்லை. "என்ட மற்றப் பக்கத்துக்கு நான் எப்பிடிப் போறது சேர்?" என்று இரண்டு தரம் கேட்டார். சுற்றிப் போகலாம் என்றார்கள். கீழ்ப்பாலம் வருமாம், எங்கேயென்று பிறகு சொல்வார்களாம்.

மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்ப வான் பிடித்துக் கட்டுநாயக்கா போனபோது அங்கே அதிவேகப் பாதையில் இதே மாதிரி வேலியை நான் பார்த்திருக்கிறேன். அண்ணாவும் பார்த்திருக்கிறான். இந்த ஊரில் விமான நிலையம் போகாத வீடு இல்லை, எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பாதை என்றால் எங்களுக்கு ஏ-நைன்தான். கரையில் கடை போடலாம். பஸ்ஸுக்குக் கை காட்டலாம். வாசலில் கதிரை போட்டுக்கொண்டு இருக்கலாம். வேறு மாதிரி ஒரு பாதை எங்களுக்கு வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வளைகோடு வரைந்த எனக்கும்.

திரும்பி வரும்போது அண்ணா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வீதியோரத்தில் குந்தி இருந்தான். நான் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 20

ராசு அண்ணையின் போன் வேலை செய்யவில்லை.

அண்ணா அம்மாவிடம் எல்லாம் சொன்னான். நல்லகாலம், இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, கனடாக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லலாம், வயல் வயலாக இருக்கிறது என்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "வித்தாத்தானே அம்மா பிழை. ஒண்டும் நடக்கேல்லை எண்டு நினைப்பம்," என்றான்.

"ஒண்டும் நடக்கேல்லையோ?"

அவ்வளவுதான் கேட்டா. மெதுவாகத்தான் கேட்டா. அண்ணா எழும்பி வெளியே போய்விட்டான். கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுகிற சத்தம். அப்பாவுக்காக அவன் அழுது நான் கேட்டது இதுதான் முதல் தரம். அப்பாவுக்காகத்தானா? தெரியவில்லை.

நவம்பர் 29

நான்கு நாள் மழை. வாய்க்கால் வரம்பை உடைத்துக்கொண்டு பாய்கிறது. இனி விதைக்க முடியாது.

இந்த மழைக்குள் பைறூஸ் நானா சைக்கிளில் வந்தார். கட்டையோரக் காணியெல்லாம் விலை விழுந்துவிட்டது, பாதிக்குக்கூட ஆளில்லை. ஒரு ஷொப்பிங் பையை அம்மாவின் பக்கம் மேசையில் வைத்தார். அட்வான்ஸ். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

"உங்களுக்கும் நட்டம்தானே நானா," என்றா அம்மா.

"எனக்கு மண்தான் போச்சு. நீங்க என்னத்தக் குடுத்து இதை வாங்க வந்தீங்க எண்டு ராசு சொன்னவர். காச மட்டும்தான் என்னால திருப்பித் தரேலும் தங்கச்சி."

தேத்தண்ணி குடிக்காமல் போனார். அம்மா படலைவரை நனைந்துகொண்டு போனா.

டிசெம்பர் 4

வீட்டில் சொல்லாமல் பதிவாளர் கந்தோருக்குப் போனேன். அதே பெண். என்னை ஞாபகம் இருந்தது. அப்பாவின் மரணச் சான்றிதழை ரத்துச் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"ஏலும் அக்கா. ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

பகிடி இல்லை. விதி அப்படி. சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

டிசெம்பர் 19

அண்ணா பழையபடி கராஜுக்குப் போகிறான். கட்டைகளைச் சுற்றிப் புல் மூடிவிட்டது என்கிறார்கள். வேலை எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 13

நாளைக்குப் பொங்கல். இன்று மார்கழிப் பூரணை.

அம்மா விடிய எழும்பி முழுகிவிட்டா. மீன்காரன் படலையில் ஹோர்ன் அடித்தபோது வேண்டாம் என்று கை காட்டினா. குசினியில் வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், பாகற்காய். ஒவ்வொன்றும் வேறு வேறு சட்டியில். நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாவோ என்று பயமாக இருந்தது. நிறுத்தாமல் விட்டாலும் பயமாக இருந்தது.

அண்ணா மத்தியானம் வேலையிலிருந்து வந்து குசினி வாசலில் நின்றான். கைகளில் கறுப்பு ஒயில். சட்டிகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"குளிச்சிட்டு வா," என்றா அம்மா அவனிடம். பிறகு அடுப்பைவிட்டுத் திரும்பாமல் என்னிடம், "பிள்ளை, வாழையிலை ஒண்டு வெட்டிக்கொண்டு வா."

கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். காற்றுக்குக் கிழியாத ஒன்றாகப் பார்த்து வெட்டினேன்.