பானை இல்லாத முப்பது மூடிகள்

மார்ச் 3, திங்கள்

என் மட்பாண்டப் பட்டறைச் சூளையின் கதவு மறுபடியும் முனகுகிறது. எண்ணெய் போட வேண்டும். என் முதுகுக்கும்.

அந்தத் திட்டத்துக்குச் சரி சொல்லிவிட்டேன். அகதிகளாகவும் பிழைப்பு தேடியும் இந்த ஊருக்கு வந்த பெண்களோடு கலைஞர்கள் ஜோடி சேர வேண்டும். ஜோடிக்கு ஒரு கலைப்பொருள். முப்பதே முப்பது பிரதிகள், அடியில் எண்ணிட்டு விற்பார்கள். ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில், "இது ஒரு பயணம் மேடம்" என்றார். பயணம் என்று பேசுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கையில் டிக்கெட் இருந்தால் நம்புவேன்.

பின் ஏன் சரி சொன்னேன்? பணம் தருகிறார்கள், சூளைக்குப் புதுக் கதவு வேண்டும். அவ்வளவுதான். பிற்பாடு உயர்வாக வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளாமல் இருக்க இதை எழுதி வைக்கிறேன்.

தங்கையிடம் சொன்னேன். மூச்சு முட்டச் சிரித்தாள். "உனக்கா? பக்கத்து வீட்டுக்காரி நல்லா இருக்கீங்களான்னு கேட்டாலே கதவைச் சாத்துற ஆளு நீ."

மார்ச் 10, திங்கள்

என் ஜோடி வந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். துணி வெளுக்கும் நிறுவனத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலையாம். உள்ளே வந்ததும் அலமாரி, சக்கரம், சூளை, நான் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் பார்த்து முடித்தாள்.

ஊரைவிட்டு வந்தபோது கையோடு கொண்டுவந்த ஒரு பொருளை எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பெண்கள் புகைப்படம், சால்வை என்று கொண்டுவந்தார்களாம். இவள் பையிலிருந்து எடுத்தது ஒரு அலுமினிய மூடி. விளிம்பில் ஒரு பள்ளம். பிடி கருகிப்போயிருந்தது.

"பானை எங்கே?" என்றேன்.

"அடுப்புலதாங்கா. வெந்துச்சான்னு பாக்க மூடியத் தூக்கினேன். அந்த நேரம் பாத்து ஓடு ஓடுன்னு கத்துறாங்க. ஓடிட்டேன். லாரியில ஏறி உக்காந்தப்புறம்தான் கையைப் பாக்குறேன், இது இருக்கு."

"வெந்திருந்ததா?"

இதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகணும்."

மூடியையே செய்வது என்று முடிவாயிற்று. வெள்ளைக் களிமண்ணில், அந்தப் பள்ளத்தோடு. பட்டறைச் சாவி ஒன்றை அவளுக்கும் தரலாமே என்றார் ஒருங்கிணைப்பாளர். தர முடியாது என்றேன். ஒரே சாவிதான், அது என் கழுத்தில்தான்.

மார்ச் 12, புதன்

அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு ஏற்கெனவே ஒரு தங்கை இருக்கிறாள். அதுவே கொஞ்சம் அதிகம்.

மார்ச் 19, புதன்

மூடியை வைத்து பிளாஸ்டரில் அச்சு எடுத்துவிட்டோம். இரண்டு பாதிகள். சேர்த்துக் கட்டி, களிமண் கூழை ஊற்றி, பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும்வரை காத்திருந்து பிரித்தால் மூடி கிடைக்கும். முதல் மூடி இன்று சூளையிலிருந்து வந்தது. அசலைவிடச் சிறியது. சுட்டால் மண் சுருங்கும் என்று விளக்கினேன்.

"மனுஷங்களுந்தான்" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தபடி சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மாலை ஒருங்கிணைப்பாளர் புகைப்படக்காரரோடு வந்தார். பள்ளத்தை விரலால் தடவினார். குரல் தானாகத் தாழ்ந்தது. "இந்தக் காயம்... அந்தச் சண்டையிலயா?"

"எலிங்க."

"எலியா?"

"எங்க மாமியார் எலியக் குறி வெச்சு மூடிய வீசினாங்க. எலி தப்பிச்சிருச்சு. சுவத்துல பட்டது."

ஒருங்கிணைப்பாளர் குறிப்பெடுக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தைத் துடைத்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

பதினோரு மூடிகள் தேறின. மூன்று விரிசல். கூழ் ஊற்றுவதில் அவள் கை நிதானப்பட்டுவிட்டது. பேச்சுதான் நிதானப்படவில்லை. வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரன், மாமியாரின் காது, வேலையிடத்து மேற்பார்வையாளரின் புது விக் - எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் கேட்கவே இல்லை.

இன்று சொன்னாள்: "முப்பது முடியட்டும்கா. அப்புறம் எங்க கட்டடத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் மூடி செஞ்சு தர்றேன்னு சொல்லியிருக்கேன். நடந்துச்சுன்னா அந்த விரிப்பு வேலைய விட்டுடுவேன். அங்க இன்னைக்கு மடிக்கிறது நாளைக்கு அழுக்காத் திரும்பி வருது. இங்க செஞ்சது அப்படியே நிக்குதுல்ல?"

நான் உம் கொட்டினேன்.

முப்பது முடிந்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள். குறைந்த பிரதி என்றால் அதுதான் முறை, அச்சு இருந்தால் யார் வேண்டுமானாலும் முப்பத்தொன்றாவதைச் செய்யலாமே. எனக்கு இது மூக்கு எங்கே இருக்கிறது என்பதுபோலத் தெரிந்த விஷயம். அவளுக்குத் தெரியாது என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது.

நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

எனக்கு முன்னால் ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட்டார். மே பத்தாம் தேதி விழாவைப் பற்றிப் பேச வந்தவர், வந்த வேகத்தில், "உடைக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தியலைப் பிடிங்க, படம் நல்லா வரும்" என்றார்.

"எதை உடைக்கிறது?"

அச்சை என்றார். ஏன் என்பதையும் பொறுமையாகவே விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம், "உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

"தெரியும்."

"நல்லா இருக்கிறத எதுக்கு உடைக்கணும்?"

வழக்கம் என்றேன். பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம் பாடம் நடத்திய வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

"அங்க இருந்ததெல்லாம் கேக்காமயே போச்சு. இங்க ஒன்னு கிடைச்சா அத நானே உடைக்கணும், படமும் எடுப்பீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையைக் கழுவினாள், தன் அலுமினிய மூடியைப் பையில் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

வரவில்லை. நான்கு மூடிகளை நானே ஊற்றினேன். பட்டறை அமைதியாக இருந்தது. இதைத்தானே விரும்பினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வரவில்லை. வராட்டிப் போகட்டும், எனக்கென்ன? நான் என்ன வேணும்னா மறைச்சேன்? சரி, மறைச்சேன். நாலஞ்சு நாள் தள்ளிப் போட்டேன், அதுக்கு இப்படியா? - எனக்கென்ன என்று எழுதிவிட்டு விளக்கை அணைக்காமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேனே, அதற்கு என்ன பெயர்?

தங்கை சொன்னது: "பேசாம அவங்க வீட்டுக்குப் போ. கதவைத் தட்டினாத் திறப்பாங்க. உன்ன மாதிரியா எல்லாரும்?"

ஏப்ரல் 9, புதன்

போனேன். ஐந்தாவது மாடி, மின்தூக்கி பழுது. கதவைத் திறந்தது மாமியார். என் கை மண்ணைப் பார்த்ததும், "மூடிக்காரம்மாவா? உள்ள வா" என்றார். பெயர் வைத்தாகிவிட்டது.

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிடத்தில் மடித்தது போதாதா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். "சொல்லாமல் விட்டது என் தப்பு" என்றேன். "ம்" என்றாள். துணியின் மறுமுனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். இருவருமாக ஒரு போர்வையை மடித்தோம்.

மாமியாருக்கு நடுவில் சும்மா இருக்க முடியவில்லை. "நீயே கேளும்மா இந்த நியாயத்த. அது என் பானை. இருபது பேருக்குப் பொங்கிப் போட்ட பானை. அத விட்டுட்டு மூடிய மட்டும் தூக்கிட்டு வந்தா இந்த மகராசி. சரி, போச்சு. இப்ப என்னடான்னா மூடி மூடியாச் செஞ்சு அடுக்குறாளாம். பானையில்லாத வீட்டுல மூடிய வெச்சு என்ன பண்றது, விசிறிக்கிறதா?"

"அத்தை, ஆரம்பிக்காதீங்க."

"எத்தனை பெரிய பானை?" என்றேன்.

மாமியார் இரண்டு கைகளையும் அகல விரித்தார். அவள் உடனே, "அவ்வளவு இல்ல" என்று பாதியாக்கிக் காட்டினாள். "அவ பாத்ததே இல்லம்மா அத ஒழுங்கா" என்று அவர் இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"செய்து பார்ப்போம்" என்றேன். யார் பேசியது என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம்.

ஏப்ரல் 10, வியாழன்

பானை செய்யலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். "இனிமே மூடி செய்யக் கூடாது, அதுதான் பேச்சு. பானை வேற பொருள்தானே மேடம்? அது உங்க இஷ்டம்" என்றார். பிறகு, "நீங்க சிரிச்சு இப்பதான் கேக்குறேன்" என்றார். இணைப்பைத் துண்டித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவள் பத்து நாளாக மறுபடி வருகிறாள். பானைக்கு அச்சு வேண்டாம் என்று முடிவு. அச்சில்லாவிட்டால் உடைக்கவும் ஒன்றும் இருக்காது. மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிக் கையால் இழைத்து ஏற்றுகிறோம். ஒவ்வொரு பானைக்கும் வயிறு வேறு மாதிரி வருகிறது. அவள் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் பெரிதாக வருகிறது.

முதல் பானை சூளையிலிருந்து வந்தது. அவளுடைய அலுமினிய மூடியை வைத்தோம். மூடி உள்ளே விழுந்துவிட்டது. பானை மண் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டது நான். மூடிக்கு எடுத்த கணக்கையே இதற்கும் போட்டிருக்கிறேன்.

அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்க மாமியாரேதான். எதக் குடுத்தாலும் முழுங்கிட்டு இன்னும் எங்கேம்பாங்க."

ஏப்ரல் 29, செவ்வாய்

பொருந்தியது. டக் என்று ஒரு சத்தம். பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி, ஆவி போகும்.

அவள் மூடியைத் தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள். நான் சூளையைச் சரிபார்க்கப் போனேன். அது அணைந்துதான் இருந்தது.

மாமியாருக்கு அனுப்பிவைத்தோம். பதில் வந்தது: "அந்தப் பானை இல்ல. ஆனா இருக்கட்டும்." ஐந்து மாடி ஏறி அதைத் திரும்ப வாங்கிவர யாராலும் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மே 10, சனி

விழா. முப்பது மூடிகள், முப்பது சின்னப் பீடங்கள்மேல். "இன்மையின் வடிவம்" என்றார் ஒருவர். "எலி" என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

அச்சை மேசையில் வைத்தார்கள். சுத்தியலை இருவரும் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். ஒரே போடு. பிளாஸ்டர் தூள் ஒருங்கிணைப்பாளரின் கறுப்புச் சட்டை முழுக்க. நான் இத்தனை வருஷத்தில் பார்த்த எந்த அச்சும் இவ்வளவு ஆசையாக உடைக்கப்பட்டதில்லை.

கைதட்டல் அடங்கியதும் ஒரு பெண்மணி கேட்டார், தான் வாங்கிய மூடியைக் குழந்தையைப்போல ஏந்தியபடி: "இதுக்குப் பானை எங்க?"

அவள் அதற்காகவே மூன்று வாரமாகக் காத்திருந்தவள்போல நிதானமாகச் சொன்னாள்: "பட்டறைக்கு வாங்க. மூடியையும் எடுத்துட்டு வாங்க, அளவு பாக்கணும்."

கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நான் பின்வரிசையில் தூணோரம் நின்றிருந்தேன்.

மே 26, திங்கள்

விரிப்பு வேலையை விட்டுவிட்டாள். சூளைக்குப் புதுக் கதவு வந்துவிட்டது. முனகல் இல்லாமல் ஏதோ போல இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பட்டறை வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவி அவளிடம். காலையில் எனக்கு முன்னால் வருகிறவள் அவள்தானே, அதனால் அவள் கழுத்தில். இன்று பார்த்து மாமியாரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே, "ஏன் முனகுறீங்க, சத்தமாப் பேசுங்க" என்று அவர் மருத்துவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம், இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம்.

இன்னொருவரும் காத்திருக்கிறார். பேன்ட் பையில் ஒரு கை, மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய வட்டமான ஒன்று. பதினேழாம் எண், யாரோ பரிசாகக் கொடுத்தார்களாம். வெயிலுக்கு ஒதுங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"நீங்களும் பானைக்குத்தானா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.