நீ கொடுக்காத விசில்

இன்று காலை முதல் எங்கள் தெருவில் தார் காய்ச்சுகிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை, காபித் தம்ளர் வரைக்கும் அந்த வாடை ஏறிவிட்டது. மருமகள் தலைவலி என்கிறாள். எனக்குத் தலைவலி இல்லை, பயம். பத்து வருஷமாக இந்த வாடை பட்டாலே என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டு, தம்பி.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குக் காலை முதல் டிரிப் நம்முடையது. நான் ஸ்டியரிங்கில், நீ பின்கதவில் விசிலோடு. சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு நம்மைச் சேர்த்த புதிதில் அது வெறும் செம்மண் பாதை. மாட்டுவண்டிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உன் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்தப் பாதை ஊருணிக்கு அந்தப் பக்கமாக வளைந்து போகும். தார் போட வந்தவர்கள் வளைவை நிமிர்த்தினார்கள். ஊர் ரோட்டுக்குத் தெற்கே நின்றது, ஊர் குடிக்கிற ஊருணி வடக்கே போய்விட்டது. அந்தப் பெண்கள் விடிந்ததும் முதல் வேலையாக ரோட்டைத் தாண்டவேண்டும், குடம் நிறைந்ததும் மறுபடி தாண்டவேண்டும்.

இதில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. கிளம்பிய வண்டிக்கு முன்னால் நிறைகுடம் வந்தால் போகிற காரியம் ஜெயம், வெறுங்குடம் வந்தால் வீடு திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா? அதனால் வெறுங்குடத்தோடு ஒருத்தி ரோட்டோரம் நின்றால், அவள் இறங்குவதற்குள் ஒரே அழுத்தாக அழுத்திப் பறந்துவிடுவேன். நிறைகுடம் என்றால் நடுரோட்டிலேயே நிறுத்தி வழிவிடுவேன். உள்ளே இருப்பவர்களும் விடமாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், எல்லாருக்கும் சகுனம் வேண்டும். "டிரைவரே, அந்தா நெறகுடம் வருது, செத்த நிறுத்துங்க" என்று ஒரு குரலாவது வரும். நாளாக ஆக, அந்தப் பெண்கள் இங்கிட்டும் அங்கிட்டும் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பில் தண்ணீர் இருந்தால் வண்டி நிற்கும் என்பது அவர்களுக்குச் சட்டமாகிவிட்டது. சர்க்கார் போடாத அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்.

உன் அக்கா இருக்கிறாளே, அவள் மற்றவர்களைப் போல ஓடித் தாண்டமாட்டாள். பித்தளைக் குடத்தை இடுப்பில் ஏற்றி, பானட்டுக்கு முன்னால் சாவகாசமாக நடப்பாள். "என் மூஞ்சியில முழிச்சாச்சுல்ல டிரைவரே, இன்னைக்கு டயரு வெடிக்காது, போங்க!" என்பாள். அப்படியே பின்னால் எட்டிப் பார்த்து, "டேய், சாப்புட்டியாடா?" என்று உன்னைக் கேட்பாள். பஸ்ஸே சிரிக்கும். வயதில் எனக்கும் மூத்தவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உனக்குத்தான் சிரிப்பு வராது.

"அண்ணே, நீங்க முன்னால பாத்து நிறுத்துறீங்க. பின்னால வர்றவன் என்னத்தப் பாத்து நிறுத்துவான்?"

எத்தனை தடவை கேட்டிருப்பாய். நீ பின்கதவில் நிற்பவன். தார் விழுந்த பிறகு பின்னால் என்னென்ன வந்தன என்று உனக்குத்தான் தெரியும். முந்திரிக்கொட்டை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ இருந்து லாரிகள் வர ஆரம்பித்தன. அந்த டிரைவர்களுக்கு நம் ஊருணியும் தெரியாது, நம் சகுனமும் தெரியாது. முதலில் ஓர் ஆடு போயிற்று. பிறகு ஒருநாள், நான் நிறுத்தி வழிவிட்டபோது ஒரு லாரி என்னைத் தாண்டிப் பாய்ந்தது. குறுக்கே வந்தவள் பின்னால் துள்ளி விழுந்து பிழைத்தாள். குடம் மட்டும் சக்கரத்தில் சிக்கித் தட்டையாகிவிட்டது. நீ அதை எடுத்துவந்து என் காலடியில் போட்டாய். "இதப் பாத்துக்கிட்டே ஓட்டுங்கண்ணே." எனக்குக் கோபம் வந்தது. அதை ஸீட்டுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன். பல நாள் வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு கிடந்தது.

நீ என்னைப் போலச் சும்மா இருப்பவன் இல்லை. ஆலங்குடியில் வண்டி நிற்கிற நேரத்தில் பின்ஸீட்டில் உட்கார்ந்து மனு எழுதினாய். ஊருக்குத் தெற்குப் பக்கத்திலேயே ஒரு குடிநீர்க் கிணறு வேண்டும், அது வரும்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் எச்சரிக்கைப் பலகை வேண்டும், காலை வேளையில் ஒரு போலீஸ்காரர் வேண்டும். சமஸ்தான காலமாக இருந்தால் புதுக்கோட்டையிலேயே திவான் முன்னால் போய் நின்று பார்க்கலாம். இப்போது எல்லாம் திருச்சிக்குப் போய்த் திரும்பவேண்டும். நாலு மனுவுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் இருக்கிறது.

கடைசியில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். நம் பஸ் அப்போது அங்கே நின்றது, நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுவரைக்கும் இங்க யாராவது செத்திருக்காங்களா?"

"இல்லீங்கய்யா. ஒரு ஆடு, ஒரு கொடம்."

"அப்ப ஆபத்தான இடம்னு எதை வச்சுப்பா எழுதறது?"

"எழுதுறதுக்கு ஆளு செத்துத்தான் ஆகணுங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வண்டி வர்றதைப் பாக்காம குறுக்க நடக்கறது யாரு தப்பு?" என்றார். நீ விடவில்லை. "ஊரு இங்கன இருந்துச்சு, ஊருணி அங்கன இருந்துச்சு. ரோடுதாங்கய்யா குறுக்க வந்துச்சு" என்றாய். அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பலன் ஒரு வாரத்தில் கிடைத்தது. கிணறு இல்லை, தண்டோரா. வாகனம் வருகையில் சாலையைக் குறுக்கே கடக்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று ஊர் நடுவில் தமுக்கடித்துச் சொன்னார்கள். "குறுக்க போகலைன்னா தண்ணி எங்கிட்டு இருந்து வரும்? சர்க்காரு வந்து ஊத்துமா?" என்று உன் அக்கா கேட்டாளாம். ஊரே சிரித்ததாம். மறுநாள் நீ இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன்.

அது வைகாசி, காலையிலேயே ரோட்டில் தார் வாடை அடிக்கிற வெயில், முகூர்த்த நாள். நிற்க இடமில்லாத கூட்டம். முன்ஸீட்டில் தட்டோடு நிச்சயத்துக்குப் போகிறவர்கள். ஊருணிப் பக்கமிருந்து உன் அக்கா குடத்தோடு வருவதை நானும் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். "டிரைவரே, நெறகுடம்!" என்றார் பெரியவர் ஒருவர். பின்னாலிருந்து உன் விசில் வந்தது. இரண்டு. உடனே இன்னொரு தடவை, இரண்டு. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ, நிற்காதே. பின்னால் லாரி ஹார்ன் வேறு கேட்டது. எல்லாம் கேட்டது, தம்பி. கேட்டும் நிறுத்தினேன். நல்ல காரியத்துக்குப் போகிறார்கள், ஒரு நிமிஷம் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். பானட்டைத் தாண்டி என் பக்கம் வந்தாள். பஸ் மறைத்துக்கொண்டிருந்தது, அவளுக்கு லாரி தெரியவில்லை, லாரிக்கு அவள் தெரியவில்லை. ஜன்னலில் வைத்திருந்த என் முழங்கையை உரசுகிற மாதிரி அது போயிற்று. அதற்கு மேல் நான் எழுதவேண்டியதில்லை. நீ ஓடிவந்தாய். விசிலை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை, உன் ஒவ்வொரு மூச்சுக்கும் அது கத்திக்கொண்டே இருந்தது. குடத்துத் தண்ணீர் என் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ஓடிவந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து புளியமரத்தடியில் வைத்து விசாரித்தார். "ஸ்டாப் இல்லாத எடத்துல வண்டிய எதுக்குய்யா நிறுத்தினே?" சகுனத்துக்கு என்று எப்படிச் சொல்வது? என் லைசென்ஸ், நாலு பிள்ளைகள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நீ சட்டையெல்லாம் ரத்தத்தோடு முன்னால் வந்தாய்.

"நாந்தாங்க ஒத்த விசில் குடுத்தேன். அக்கா பஸ்ல ஏற வருதுன்னு நெனச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். நிறுத்தச் சொன்ன பெரியவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சம்பந்தப்பட்ட பெண் அஜாக்கிரதையாகச் சாலையைக் குறுக்கே கடந்தாள், கண்டக்டர் தவறாக விசில் கொடுத்தார் என்று ரிப்போர்ட் போயிற்று. நாலு மனு போட்டவன் இருந்தான் என்று அதில் ஒரு வரி கிடையாது. உன் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆவணி பிறப்பதற்குள் தெற்குப் பக்கத்தில் கிணறு வெட்டிவிட்டார்கள். அதே அதிகாரி அதே ஜீப்பில் வந்து இறங்கினார், மாவிலைத் தோரணம் கட்டி, மாலை போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. மனுவை வைத்துக்கொண்டு பிணத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்றும் அடுத்த நிமிஷமே தோன்றிவிடுகிறது.

உன் மச்சான் உன்னை வாசல் மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். நீ ஆலங்குடியில் முந்திரிக்கொட்டை மண்டியில் சாக்குத் தைக்கப் போனாய். பஸ்ஸில் ஏறவே மாட்டாய், ரோட்டோரமாக நடந்தே போவாய். ஒருநாள் டீக்கடையில் பிடித்து நிறுத்திக் கேட்டேன், ஏண்டா அப்படிச் சொன்னே என்று. நீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அக்கா ஒங்கள நம்பித்தாண்ணே எறங்குச்சு. தப்பு ஒங்க மேலன்னு எழுதினா, அது ஏமாந்து செத்துச்சுன்னு ஆயிரும். நான்னா பரவாயில்ல, கூடப்பொறந்தவன்." பிறகு, "மணியாச்சு, வாரேண்ணே" என்று எழுந்து போய்விட்டாய். நான் தடுக்கவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடட்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்டு, நீ சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

காய்ச்சலில் நீ போனபோது உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். உன் அக்கா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. தாயைக் கொன்ற விசில் என்று உன் அக்கா மகள் சொன்னதாகக் காதில் விழுந்தது. பதினோரு மாதம் அதை வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன். முடியவில்லை.

போன வாரம் அந்த ஊருக்குப் போனேன். உன் அக்கா மகளுக்கு உள்ளூரிலேயே கல்யாணமாகி, அப்பாவோடுதான் இருக்கிறாள். அச்சு அசல் அவள் அம்மா. "வாங்க டிரைவர் மாமா, இருங்க, சாப்புட்டுத்தான் போகணும்" என்று இலை போட்டாள். வருஷா வருஷம் அக்கா திதிக்கு அந்த வீட்டில் எனக்கு இலை விழும், உனக்குத் தெரியாது. சோறு போடக் குனிந்தவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மாமா கொடுத்தது இரண்டு விசில், நான்தான் கேட்டும் நிறுத்தினேன், அவன் எனக்காகப் பொய் சொன்னான் என்று. அகப்பை கையோடு அப்படியே நின்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"இத்தன வருசம் இந்த வீட்டுல வந்து சாப்புட்டீங்கள்ல மாமா. அப்பல்லாம் எங்க மாமா எங்கன சாப்புட்டாரு?"

மறுநாள் அவள் ஆலங்குடிக்குப் போய், உன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். உன் மச்சானும் கூடப் போனாராம். அந்த மட்டுக்கும் உன் காரியம் நேராகிவிட்டது. என்னிடம் மிச்சமிருப்பது அவள் கேட்டது ஒன்றுதான். குத்திக்காட்டக் கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், தம்பி. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒருநாள்கூட நான் உன்னைக் கேட்டதில்லை.