சாம்பலில் நீ வைத்த கை

இன்று காலை டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "கலெக்டர் ஆபீஸ் எறங்கறவங்க முன்னால வாங்க" என்று கத்தினார். நான் போக வேண்டியது பஸ் ஸ்டாண்டு. ஆனாலும் எழுந்து இறங்கிவிட்டேன். உன்னை மண்ணில் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வாசலில்தான் நாம் இருவரும் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நிற்போம். குருமடத்தில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ ஊர் திரும்பியிருந்த நேரம். மகன் சாமியாராகப் போகிறான் என்று மாதா கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்த உன் அப்பா, உன்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். அதனால் பேச வேண்டியதை எல்லாம் நீ என் தலையில்தான் கட்டுவாய். ஒருநாள் போர்டைக் காட்டிக் கேட்டாய்.

"கலெக்ட்டுனா என்னான்னு தெரியுமாடா?"

"வசூல் பண்றது. அதுக்குத்தான இவரு?"

"வெள்ளைக்காரன் வரி வசூலுக்கு வெச்ச பேரு, சரி. அதுக்கு முன்னால அது லத்தீன்டா. ஒண்ணா சேத்து எடுக்கறது. அதோட வேர்ச்சொல்லுக்குப் பொறுக்கறதுன்னும் அர்த்தம், படிக்கறதுன்னும் அர்த்தம். எழுத்த ஒண்ணொண்ணா பொறுக்குனாத்தான படிப்பு?"

பூசையிலும் 'கலெக்ட்' என்ற பெயரிலேயே ஒரு செபம் உண்டு என்றாய். சாமியார் "மன்றாடுவோமாக" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் நிற்பாராம். அந்த இடைவெளியில் அவரவர் வேண்டுதலை மனதில் வைக்க வேண்டும். பிறகு அவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செபமாகச் சொல்லுவார். "அத சொல்ற வாயி எனக்கு இல்லாம போச்சுடா" என்றாய். உனக்கு வாய்க்கா குறைச்சல் என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் என் அப்பா செத்துப்போனார். நிலத்தகராறு இருந்ததால் பங்காளிகள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. எரித்த மறுநாள் காலை சாம்பலில் பால் தெளித்து எலும்பு எடுக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் மகனோடு ஒரு பங்காளியும் குனிந்து எடுக்க வேண்டும். ஆளனுப்பிக் கேட்டோம். வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

புதுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. என்னைத் தோளில் தூக்கி நடந்த ஆள் அதற்குள் கிடக்கிறார் என்று நினைத்ததும் கை நீளவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நீ செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினாய். கூட இருந்த ஊர்ப் பெரியவர் பதறிப்போனார்.

"தம்பி, நீங்க வேதக்காரங்க. இது ஆவாதுங்க."

"இவன் ஒண்டியா உக்காந்திருக்கறானுங்க. எடுத்து முடிச்சிடறோம். அப்பறம் என்ன வேணா பேசிக்குங்க."

முதல் எலும்பை நீ எடுத்தாய். பாலில் நனைத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "படிக்கற மாதிரி எடுறா. ஒண்ணொண்ணா" என்று என் காதோரம் சொன்னாய். அதற்குப் பிறகுதான் என் கை சாம்பலுக்குள் போனது. ஒகேனக்கல்லில் கரைக்கும்வரை நீ என்னை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலம் உன் அப்பா வாசலை மறித்துக்கொண்டு, "அந்தச் சாம்பல தொட்ட கையோட வூட்டுக்குள்ள வராத" என்றாராம். நீ குருமடத்திலிருந்து வந்த பிறகு அவர் உன்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "பேசிட்டாருடா" என்று மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். மறுநாள் காலை விடிந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். குனிந்து எடுக்க உங்கள் வழக்கத்தில் எதுவும் இல்லை. எனக்கு நீ செய்ததை உனக்கு நான் செய்ய வழியில்லாமல் போனதே என்று அன்றைக்குத்தான் அழுதேன்.

ஏழாம் நாள் பூசைக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாமியார் "மன்றாடுவோமாக" என்று சொல்லி நிறுத்தினார். நீ சொன்ன இடைவெளி அதுதான் என்று தெரிந்தது. எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. கண்ணை மூடி, நீ கழற்றிப்போட்ட செருப்பு, பால் நனைந்த விரல், உன் அப்பா பேசிவிட்டார் என்ற உன் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் செபத்தைத் தொடங்கிவிட்டார்.

நான் பாதிகூட எடுத்திருக்கவில்லை. மிச்சத்தை இன்னமும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் குந்துவதற்குத்தான் ஆள் இல்லை.