தத்துக்கிளி என்று ஒரு பேர்

அம்மா,

காலையில் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பச்சைப் பூச்சி உட்கார்ந்திருந்தது. உன் பேத்தி அதைப் படம் பிடித்துவிட்டு, "போன்ல வெட்டுக்கிளின்னு காட்டுதும்மா. பூச்சி எப்படிம்மா கிளி ஆச்சு?" என்றாள். அதற்கு இன்னொரு பேரும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். முகம் சூடாகிவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

தத்துக்கிளி. மேற்கு மாம்பலத்து அத்தை என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஏன் என்று கேட்டபோது, "தத்தித் தத்திப் போற பூச்சிடி அது. நீயும் ஒரு இடத்துல நிக்கறதில்லையே" என்றாய். எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளியில் நீளம் தாண்டுதலில் சேர்ந்ததும் தோழிகளையும் அப்படியே கூப்பிடச் சொன்னேன். விளையாட்டு விழாவில் நான் ஓடிவர, வகுப்பே "தத்துக்கிளி, தத்துக்கிளி" என்று கத்தியது. தாண்டிவிட்டுத் திரும்பினால், நீ உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

அந்த வருடத் தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள்தான் சொன்னாள். "லூசு, தத்துன்னா தத்தெடுக்கறது. உன்னை எடுத்து வளர்க்கறாங்க. எல்லாருக்கும் தெரியும்." கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்ததை, நானே பட்டம் போலச் சூடிக்கொண்டு ஊரெல்லாம் குதித்திருக்கிறேன். வாயிலிருந்த இனிப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அடுக்களையில் உன்னிடம் கேட்டேன். நீ மறுக்கவில்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலடி" என்றாய். பிறகு கூடத்துக்கு வந்து, "அண்ணி, இனிமே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாய்.

"பூச்சி பேருதானே, அதுல என்ன இருக்கு" என்று அத்தை சிரித்தாள்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பினாய். அந்த வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவே இல்லை. பஸ்ஸில் நான் உன் பக்கம் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை அம்மா, கூச்சம். எதிரில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்குமோ என்று.

அந்தக் கூச்சம் என்னை விடவில்லை. கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் பேச்சின்றிக் கிடந்தபோது, உனக்குத் தலைவாரிக்கொண்டிருந்த ஆயா என்னிடம், "அம்மா ஜாடை அப்டியே உரிச்சி வச்சா மாரி கீது உனக்கு" என்றாள். உன் முகம் மலர்ந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்தாய். நான் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "ஆமாங்க, எங்கம்மா ஜாடைதான்" என்று உடனே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் நீ பார்த்துக் காத்திருந்த அந்தப் பார்வை எதிரே வந்து நிற்கிறது.